தில்லைநாதன் வாய் திறந்த நாள்

தில்லைநாதனைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியைக் கொழும்பு வெள்ளவத்தையில் நான் கண்டதில்லை. தொண்ணூற்றேழாம் ஆண்டு, காலி வீதி நெடுக சோதனைச் சாவடிகள். ஆமிக்காரன் கேட்க முதலே அடையாள அட்டையை நீட்டிவிடுவார். கப்பல் கொம்பனியொன்றில் கிளார்க். பக்கத்து பிளாட்டில் இத்தனை வருடம் இருந்தும் என்னோடு உரத்துக் கதைத்தவரில்லை.

அவருக்கும் மனைவி அருந்ததிக்கும் பிள்ளையில்லை. ஊர் வாய் யாரைப் பிடிக்கும்? அருந்ததியைத்தான். நேர்த்தி, விரதம் என்று அவளை வாட்டியெடுத்தார்கள். தில்லைநாதனின் அக்கா பாலேஸ்வரி கனடா விசாவுக்காக வந்து அவர்கள் வீட்டிலேயே தங்கியிருந்தாள். அருந்ததி சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டே அவளைக் குத்திக் குத்திக் கதைப்பாள். அருந்ததி ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

தில்லைநாதனின் தங்கையின் குழந்தைக்குப் பல் முளைத்தது. பல்லுக்கொழுக்கட்டைச் சடங்கை அந்த பிளாட்டிலேயே வைத்தார்கள். பிள்ளையின் தலையில் கொழுக்கட்டையைக் கொட்ட வேண்டியவள் மாமி, அதாவது அருந்ததி. விடியவே எழும்பி மா குழைத்து அவித்ததும் அவள்தான். பிள்ளையை வெள்ளைத் துணியில் இருத்தி, சனமெல்லாம் சுற்றி நிற்க, அவள் கொழுக்கட்டைச் சுளகைத் தூக்கினாள். பாலேஸ்வரி அதை எட்டிப் பிடித்தாள்.

"மலட்டுக் கையாலை வேண்டாம். நாலு பெத்த ரீச்சர் நிக்கிறா, அவ கொட்டட்டும்."

ரீச்சர் என்றது என்னை. நான் வாய் திறக்க முதல் தில்லைநாதன் எழும்பினார்.

"அக்கா, குறை அவளிலை இல்லை. எனக்குத்தான் ஏலாது. நீரிழிவு வந்த நாள்தொட்டு எனக்கு விறைப்பு வாறேல்லை. பிறகெப்பிடிப் பிள்ளை வரும்? டொக்டர் அவளுக்கு ஒரு குறையும் இல்லையெண்டவர்."

அத்தனை ஆண்களுக்கு முன்னால், கூடப்பிறந்த அக்காவுக்கு முன்னால் சொன்னார். ஓர் ஆண்பிள்ளை வாயிலிருந்து அப்படியொரு பேச்சை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

பாலேஸ்வரியின் பிடி விட்டது. "மச்சாள், நீங்களே கொட்டுங்கோ" என்றாள் தங்கை. அருந்ததி தலை நிமிராமல் கொட்டினாள். சனம் கொழுக்கட்டை தின்றுவிட்டுக் கலைந்தது.

பிறகு குசினிக்குள் போனேன். அருந்ததி அடுப்படிச் சுவரைப் பார்த்து நின்று அழுதாள். இனியாவது நிம்மதி என்ற அழுகை என்று நினைத்தேன். இல்லை, கோபம்.

"ஒருத்தருக்கும் தெரியக்கூடாதெண்டுதானே ரீச்சர் இவ்வளவு நாளும் பேச்சு வாங்கினனான்! இந்த மனுசன் எல்லாத்தையும் போட்டுடைச்சிட்டார். நாளைக்கு இந்தச் சனத்துக்கு முன்னாலை இவர் எப்பிடித் தலைநிமிர்ந்து நடப்பார்?"