சிஸ்டரம்மா போட்ட சிலுவை

இன்றைக்கும் டாக்டர் என் மார்பில் குழாயை வைத்து "ம்" என்றால் போதும், சைக்கிள் யாருக்கு, கைக்கடிகாரம் யாருக்கு என்று மனசுக்குள் பாகம் பிரிக்க ஆரம்பித்துவிடுவேன். இந்த வீரம் எனக்கு ஏழு வயதிலேயே வந்துவிட்டது. நாடு சுதந்திரம் வாங்கிய மெர்டேக்காவுக்குக் கட்டிய கொடி எங்கள் ஜன்னலில் வெயிலுக்கு வெளுத்துக்கொண்டிருந்த சமயம்.

காஜா பேராங் பேட்டையில் எங்கள் சந்துக்கு வாரம் ஒருமுறை சிஸ்டரம்மா வருவார். வெள்ளை அங்கி, கறுப்புக் குடை, மருந்து வைத்த தகரப்பெட்டி. நாகப்பட்டினத்திலிருந்து இளம் கன்னியாஸ்திரியாகக் கப்பலேறி வந்தவர். சந்தில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்து, மீதிப் பேரின் புண்ணுக்குக் கட்டுப்போட்டு, சாகக் கிடந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அப்படியே கிழவியாகிவிட்டார். என்னை முதலில் தொட்ட கையும் அவருடையதுதான் என்பாள் அம்மா. மாரியம்மனுக்கு அடுத்தபடி அம்மா பயப்பட்டது அவருக்குத்தான்.

ஒருநாள் எதிர்வீட்டுத் தாத்தா படுக்கையில் கிடந்தார். சிஸ்டரம்மா அவர் நெற்றியில் கட்டைவிரலால் சின்னதாகச் சிலுவை போட்டதை ஜன்னல் வழியே பார்த்தேன். சாயங்காலமே தாத்தா போய்விட்டார். எனக்குச் சட்டம் புரிந்துவிட்டது.

பத்து நாள் கழித்து அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் பெட்டி இல்லை. காப்பியைப் பாதி குடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். கட்டைவிரலால் என் நெற்றியிலும் சிலுவை போட்டார்.

"அம்மாவுக்குத் தொல்லை கொடுக்காம நல்ல பிள்ளையா இருக்கணும், என்ன ராஜா?"

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? நேரே போய் என் கோலி டப்பாவை அக்காவிடம் கொடுத்தேன். தீபாவளி முறுக்கைத் திருடியது நான்தான் என்றும் ஒப்புக்கொண்டேன்.

"அது தெரியும் லா," என்று அக்கா டப்பாவை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

அப்போதுதான் யோசனை வந்தது. போட்டவரே எடுக்கலாமே. ஓடினேன். அதற்குள் சிஸ்டரம்மா வீடு வீடாகப் போய்விட்டு, சந்து முனையில் பேச்சா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறி உட்கார்ந்திருந்தார். காலடியில் ஒரு துணிமூட்டை.

"சிஸ்டரம்மா, போட்டதை எடுத்துடுங்க. எனக்கு வேணாம்."

"எதைடா?"

நெற்றியைக் காட்டினேன்.

"எனக்குப் போடத்தான் தெரியும், எடுக்கத் தெரியாதே. வேணும்னா நீயே திருப்பிக் கொடுத்துடு."

குனிந்து நெற்றியைக் காட்டினார். என் நெற்றியை அழுத்தித் துடைத்து, அதே கட்டைவிரலால் அவசர அவசரமாக, கோணலாக ஒன்று போட்டேன். சந்தேகத்துக்கு இன்னொன்றும் போட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். திறந்தபோது ஈரமாக இருந்தது.

"போதும்டா," என்றார். வண்டி நகர்ந்தது. நான் போய்க் கோலிகளைச் சண்டை போட்டு மீட்டேன்.

கண்ணும் காலும் தளர்ந்துபோனதால் பினாங்கில் வயதான சிஸ்டர்கள் இருக்கும் மடத்துக்கு அவரை அனுப்பிவிட்டார்கள் என்றும், அன்று விடைபெறத்தான் வந்தார் என்றும் அம்மா பிறகு சொன்னாள். கிறிஸ்துமஸ்தோறும் அங்கிருந்து வாழ்த்து அட்டை வரும். "இன்னும் இருக்காங்களா?" என்று அட்டையைப் பிடுங்கிக்கொண்டு கேட்பேன். பிள்ளைக்கு என்ன பாசம் என்று அம்மா உருகிப்போவாள்.

அத்தனை வருஷம் ஊரார் நெற்றியிலெல்லாம் போட்டவருக்கு, போகிற அன்று ஒருவரும் திருப்பிப் போடவில்லை என்பது அந்த வயதில் எனக்கு எட்டவில்லை. என் சாவை அவர் தலையில் கட்டிவிட்டுத் தப்பித்ததாகத்தான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.