பியூலாவின் அரைகுறைச் சிப்புகள்

பியூலா ராஜபாளையத்துப் பெண். அப்பாவுக்கு நூல் மில்லில் வேலை. அவளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஓர் என்ஜினீயரிங் கல்லூரியில் ஆராய்ச்சி. “அதுல சம்பளம் வருமா?” என்று கேட்டு அவள் வாயைக் கிளறாதவர் தெருவில் யாருமில்லை. அன்று அவளுக்கு வைவா, ஆராய்ச்சிப் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. தேறினால் டாக்டர். தேறாவிட்டால் இத்தனை வருஷமும் கோவிந்தா.

செல்போன் டவரில் ஒவ்வொரு ஆண்டெனாவுக்குப் பின்னாலும், வரும் அலையை எண்ணாக மாற்ற ஒரு சிப் உண்டு. நுணுக்கமாக அளக்கும் சிப் கரண்டை மடக்மடக்கென்று குடிக்கும். பியூலா வைத்ததோ அரைகுறைச் சிப். ‘மேலே’, ‘கீழே’ தவிர அதற்கு வேறு பேச்சே கிடையாது. ஆனால் சிக்னல் மெலிதாக வந்து, அதில் கொஞ்சம் இரைச்சலும் கலந்தால், சில சிப் மேலே என்னும், சில கீழே என்னும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் நடு அளவு கிடைத்துவிடும்.

“நம்ம சர்ச் கமிட்டி கணக்கால்ல இருக்கு. அங்கயும் ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாது, ஆனா கிறிஸ்மஸ் நடந்துருது” என்றாள் அம்மா ஜெயபாய். பியூலா அதைத் தீசிஸில் சேர்க்கவில்லை.

கைடு லக்ஷ்மிநரசிம்மன் சார் உபசாரத்தில் குறை வைக்காதவர். சென்னையிலிருந்து வந்த தேர்வாளருக்கு வாசலில் மாலை, மேஜையில் பழத்தட்டு. ஆண்டெனா வழியாக அனுப்பிக் காட்டத் தன் போட்டோவையே கொடுத்திருந்தார். அதோடு நின்றாரா? விருந்தாளிக்குப் போய்க் குறைந்த சிக்னலா என்று, பியூலா காபி சொல்லப் போன நேரத்தில் டிரான்ஸ்மிட்டரின் குமிழை முழுசாகத் திருகி வைத்துவிட்டார்.

சிக்னல் பலமானதும் அத்தனை சிப்பும் ஒரே பாட்டைப் பாடின. நடு அளவு போயே போய்விட்டது. திரையில் தெரிந்த சார் பாதி சுண்ணாம்பு, பாதி கரி. நெற்றி எது, நாமம் எது என்று தெரியவில்லை.

“இதான் ரிசல்ட்டாம்மா?” என்றார் தேர்வாளர்.

பியூலா குமிழைப் பார்த்தாள். புரிந்தது. சொன்னால் சார் மானம் போகும். சொல்லாவிட்டால் பட்டம் போகும்.

“சார் ஆசைல கூட்டி வச்சுட்டாவ. இது கொறச்சாத்தான் வேலை செய்யும்” என்று சொல்லிக் குமிழைத் திருகிக் குறைத்தாள்.

திரையில் சாம்பல் நிறம் மெல்ல ஊறியது. கன்னம் வந்தது, கண்ணுக்குக் கீழே பை வந்தது, சார் யாரிடமும் ஒப்புக்கொள்ளாத வயதும் வந்தது. தேர்வாளர் சிரித்தபடி கை குலுக்கி, “வாழ்த்துகள், டாக்டர்” என்றார். பியூலாவுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது.

சார் அவளை ஓரமாகக் கூப்பிட்டார். “ஏம்மா, கொறச்சாத்தான் வேலை செய்யும்னு நீ எங்கிட்ட சொன்னதே இல்லையே?”

“நீங்க கையெழுத்துப் போட்ட தீசிஸோட தலைப்பே அதான் சார்” என்றாள் டாக்டர் பியூலா.