என் எச்சிலும் அவர்கள் ஆராய்ச்சியும்

இன்று திருப்பதியில் பல் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அங்கே டாக்டருக்குப் படிக்கிற பெண் ஒருத்தி ஒரு குப்பியை நீட்டினாள்.

"ஆயா, வாய்ப்புற்று ஆராய்ச்சிக்குக் கொஞ்சம் எச்சில் வேணும்."

நல்ல காரியமாயிற்றே என்று துப்பிக் கொடுத்தேன்.

என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அவளே தெலுங்கில் காகிதத்தை நிரப்பினாள். நான் படித்தது ஐந்தாவதுதான், ஆனால் தெலுங்கு வாசிப்பேன். 'புகையிலைப் பழக்கம் இருபது வருடம்' என்றிருந்தது.

"யாரும்மா பொகையில போட்டது?"

"ஊர்ல பெரியவங்க எல்லாம் போட்றதுதானே ஆயா."

"நான் தொட்டதே இல்ல. அத அடிச்சிட்டு எழுது."

"எல்லாருக்கும் அப்டித்தான் எழுதிக்கினு வரேன். உங்களுக்கு மட்டும் மாத்தினா சார் ஏன்னு கேப்பாரு."

குப்பியைப் பிடுங்கித் தொட்டியில் கொட்டிவிட்டு வந்தேன்.

'ஆராய்ச்சியில் கண்டுபிடித்தார்கள்' என்று தினமும் எனக்குப் போனில் அனுப்புகிறவர்களே, அது யாருடைய எச்சில் என்று விசாரித்துவிட்டு அனுப்புங்கள்.