கிளட்சிலிருந்து எடுத்த கால்

காலை ஐந்து நாற்பது. எண்ணூர் விரைவுச் சாலையில் என் லாரிக்கு முன்னால் நின்ற டிரெய்லரின் இரண்டு சிவப்பு விளக்குகளில் ஒன்று எரியவில்லை. வரிசை சற்று நின்ற நேரத்தில் அதைச் சரிசெய்ய, அந்த வண்டியின் டிரைவர், என் பழைய சிநேகிதர் பாஷா பாய் இறங்கி வந்து என் பம்பருக்கு முன்னால் குனிந்தார்.

துறைமுகத்துக்குள் போக நாங்கள் முந்தைய நாளிலிருந்து காத்திருந்தோம். வரிசை நகரத் தொடங்கிவிட்டால் யாரும் வண்டியை நியூட்ரலில் போடுவதில்லை. கொஞ்சம் இடம் விட்டாலும் பக்கத்து லாரி மூக்கை நுழைத்துவிடும். அதனால் கியரைப் போட்டு, கிளட்சை மிதித்தபடியே உட்கார்ந்திருப்போம்.

எனக்குப் பல மாதங்களாக இடுப்பிலிருந்து இடது கால் வரை வலி. தைலம் தேய்த்தேன். துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓட்டினேன். ராயபுரத்தில் மாதா கோயில் நவநாள் ஜெபத்துக்கு வாராவாரம் போய், "வலியை எடுத்துவிடும் ஆண்டவரே" என்று அழுதேன். வலி கூடியது. கேட்காத கடவுளிடம் எதற்குப் போகிறேன் என்றுகூடத் தோன்றியது. வேறு வேலை பார்க்கச் சொன்ன மனைவி ஸ்டெல்லாமீது எரிந்து விழுந்தேன். ஸ்டியரிங்கை விட்டால் எனக்கு என்ன தெரியும்?

அன்று காலை, பாஷா பாய் முன்னால் குனிந்திருந்தபோது, கால் மரத்துப்போனது. கிளட்சிலிருந்து நழுவியது எனக்கே தெரியவில்லை. வண்டி எகிறியது. "இயேசுவே!" என்று கத்தினேன். இன்ஜின் அணைந்து வண்டி நின்றது. பாஷா பாய்க்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு சாண்.

"இன்னா நைனா, காலங்காத்தால என்னை சட்னி ஆக்கப் பாத்தியே!"

என்னால் இறங்க முடியவில்லை. அவர்தான் கைத்தாங்கலாக இறக்கினார். காலைத் தொட்டுப் பார்த்தார்.

"வலி போவணும், வலி போவணும்னு வேண்டிகினு கீறியே நைனா. வலி இல்லாங்காட்டி நீ எறங்குவியா? சாவுற வரிக்கும் சீட்லயே குந்திகினு இருப்ப."

முதலாளிக்குப் போன் செய்தேன். "லைனை விட்டுட்டு எங்கடா போற?" என்றார். வேறு ஆளை அனுப்பச் சொன்னேன். வரிசையை விட்டு நான் போனது அதுதான் முதல் முறை.

டிஸ்க் விலகி நரம்பை அழுத்துகிறது, இனி பெரிய வண்டி கூடாது என்றார் டாக்டர். படுத்துக் கிடந்த நாட்களில் என் ஜெபம் மாறியது. வலியை எடும் என்று கேட்கவில்லை. "எங்கே போகச் சொல்கிறீர், சொல்லும்" என்று கேட்டேன். எழுந்து நடந்ததும் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை கிடைத்தது. வந்திறங்கும் பெட்டிகளில் எங்கே அடிபட்டிருக்கிறது என்று நடந்து நடந்து பார்க்க வேண்டும். சம்பளம் குறைவு. மாலையில் வீட்டில் இருக்கிறேன். வலி பெரும்பாலும் விட்டுவிட்டது.

அன்பானவர்களே, என் மன்றாட்டுக்குப் பதில் தாமதமாகவில்லை. வலியே பதிலாக வந்திருந்தது. நான்தான் அதற்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். உங்களை உட்காரவிடாமல் ஏதாவது குத்துகிறதா? அதை எடுக்கச் சொல்லும் முன், எழுந்து எங்கே வரச் சொல்கிறார் என்று கேளுங்கள். நம்பிக் கேளுங்கள். வழி காட்டுவார்.

போன வாரம் பாஷா பாய் மகளுக்குக் கல்யாணம். பிரியாணிப் பந்தியில் கடைசி ஆள் சாப்பிட்டு எழும்வரை நின்று பரிமாறினேன்.