பல் டாக்டரின் இடதும் வலதும்

பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். பல் டாக்டர் தன் கார் ஷெட்டில் கட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இருக்கை விமானத்துக்கு வேண்டிய தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளுக்கான துளைகள் அவ்வளவு. முப்பத்தோரு வருடம் அடுத்தவர் வாயில் துளை போட்டவருக்கு இதெல்லாம் ஒரு கணக்கா? அலுமினியம் கத்துவதில்லை, கையைப் பிடித்துத் தள்ளுவதில்லை. அதுவே அவருக்குப் பெரிய நிம்மதி.

விமானம் பெட்டிகளில் வந்தது. தகடுகள், சட்டங்கள், பை பையாக ரிவெட், தலையணை கனத்துக்கு ஒரு வரைபடக் கட்டு. அன்றிலிருந்து கார் தெருவில் நிற்கிறது. தெரு அவரைப் பைலட் என்று கூப்பிடுகிறது. மாலையில் கிளினிக்கைப் பூட்டிவிட்டு வந்தால், தகட்டைச் சட்டத்தின் மேல் வைத்துக் கிளிப் மாட்டி, டிரில்லைச் செங்குத்தாகப் பிடித்து ஒவ்வொரு துளையாகப் போடுவார். பிறகு துளை விளிம்பில் இருக்கும் பிசிறை விரல் நுனியால் தேடித் தேடி எடுப்பார். கைவேலையில் யாரும் குறை சொல்ல முடியாது. வரைபடம் படிப்பதுதான் கொஞ்சம் அப்படி இப்படி.

ரிவெட் அடிக்க இரண்டு பேர் வேண்டும். இந்தப் பக்கம் அவர் அடிக்க, அந்தப் பக்கம் இரும்புக் கட்டையை அண்டக் கொடுத்துப் பிடிப்பவர் மனைவி. காதில் பஞ்சு. விமானத்தின் இரண்டாவது இருக்கையும் அவருக்குத்தான், ஒரு நிபந்தனையோடு.

"உங்க பேச்சை நம்பி ஏற மாட்டேன். வாலுல இருந்து மூக்கு வரைக்கும் இன்ஸ்பெக்டர் கையெழுத்து போட்டிருக்கணும். இல்லன்னா நான் கீழே நின்னு கை காட்டுறேன், நீங்க போயிட்டு வாங்க."

டாக்டருக்குத் தனியாகப் பறப்பதில் துளியும் ஆசை இல்லை.

வாலைப் பார்க்க இன்ஸ்பெக்டர் சனிக்கிழமை வருவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை, வாலில் மேலும் கீழும் அசையும் இரண்டு மடல்களையும் மனைவி மேஜையில் அருகருகே வைத்துப் பார்த்தார். ஒரு மடலின் அடிப்பக்கத்தில் மட்டும் சின்ன மோட்டாருக்காக ஒரு ஜன்னல், அதைச் சுற்றி எட்டுத் துளை.

"என்னங்க, படத்துல ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கு?"

"இடது பக்கம்."

"நீங்க எதுல போட்டிருக்கீங்க?"

"வலதுல. படத்துல இடதுன்னா வலதுதானே?"

மனைவி காதிலிருந்த பஞ்சை எடுத்தார். "திரும்பச் சொல்லுங்க."

டாக்டர் திரும்பச் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார். பல் படத்தில் இடப்புறம் இருப்பது நோயாளியின் வலது. நோயாளி எதிரே அல்லவா இருக்கிறார்! ஆனால் விமானத்தை மேலிருந்து பார்த்து வரைந்திருக்கிறார்கள். அதில் இடது இடதுதான்.

"விமானம் என்ன, உங்க முன்னாடி வாயைத் திறந்துகிட்டா உக்காந்திருக்கு?"

டாக்டர் மடல்களை இடம் மாற்றிப் பார்த்தார். புரட்டிப் போட்டால்தான் பொருந்தியது. அடியில் இருக்க வேண்டிய ஜன்னல் வானத்தைப் பார்த்தது.

"ஒரு துண்டுத் தகடு வச்சு அடைச்சிடலாமா?"

"கடைவாய்ப் பல்லுன்னா அடைச்சிடுங்க. இதுல நான் உக்காரணும்."

சனிக்கிழமை வந்த இன்ஸ்பெக்டர் விமானப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மடலின் மேல்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்த்தார். "ஒவ்வொரு துளையும் முத்து மாதிரி இருக்கு டாக்டர். அடிப்பக்கமும் இப்படித்தானே?" என்று கேட்டுக்கொண்டே பேனாவைத் திறந்தார்.

டாக்டர் மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தார்.

"இல்ல சார். கொஞ்சம் புரட்டிப் பாருங்க."

புரட்டினார். வெகு நேரம் சிரித்தார். "ஜன்னல் பிரமாதம். வேற ஏதாவது விமானத்துக்கு ஆகும்." வாலின் மற்ற பாகங்களுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு, மடல் என்ற வரியைக் காலியாக விட்டார்.

அவர் போன பிறகு மனைவி அந்தக் காலி வரியைப் பார்த்தார். பிறகு, "புதுத் தகடு கேட்டு எழுதும்போது, என் சீட்டுக்கு மெத்தை நீலத்துல கிடைக்குமான்னும் கேளுங்க" என்றார்.

புதிய தகடுகள் வர ஏழு வாரம் ஆகும். வந்ததும் வரைபடத்தை மனைவி படிப்பார்; டாக்டர் துளை போடுவார்.