ஆறுதல் சொல்லப் போனேன்!

போன ஞாயிறு பூசை முடிந்ததும், எங்கள் பெங்களூர் லிங்கராஜபுரம் பங்குத்தந்தை என்னை ஓரமாக அழைத்தார்.

"சார், பின் தெருவுல செல்வராஜ்னு ஒருத்தர். மனைவி தவறிட்டாங்க. வெளியவே வர்றதில்ல. நீங்கதான் நல்லா பேசுவீங்களே... ஒரு தடவை போய்ப் பாருங்களேன்?"

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களிடமே பேசுகிறவன், ஒரு கிழவரிடம் பேச மாட்டேனா? அவருக்கு எழுபது, எனக்கு அறுபத்தொன்பது. ஒருவரைக் கிழவர் என்று சொல்ல இந்த வித்தியாசம் போதாதா என்ன?

சும்மா போகவில்லை. தனியாக இருக்கும் முதியவர்களிடம் எப்படிப் பேசுவது என்று வீடியோ பார்த்துவிட்டுப் போனேன். முதலில் சாப்பாட்டைப் பற்றிக் கேட்க வேண்டுமாம். அப்புறம் தூக்கம்.

கதவைத் திறந்தவர் ஷேவ் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் பளிச்சென்று இருந்தார். டீப்பாயில் காபி, சிப்ஸ். பாவம், வீட்டுக்கு ஆள் வருவதே திருவிழா போல!

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கன்னடம் கலந்த தமிழில் முந்திக்கொண்டார்.

"ஊட்டா ஆச்சா சார்? என்ன சாப்ட்டீங்க?"

"பிரெட்..."

"காலையில?"

"அப்பவும் பிரெட்தான்."

"தூக்கம் வருதா?"

என் கேள்விகளை எல்லாம் அவர் கேட்கிறார்! சரி, பேச்சுக்கு ஏங்கிப் போயிருக்கிறார், விட்டுக்கொடுப்போம் என்று பதில் சொன்னேன். மகன் எலெக்ட்ரானிக் சிட்டியில் இருக்கிறான் — பெங்களூர் டிராஃபிக்கில் அது வெளிநாடு — என்றேன். மனைவி போனதிலிருந்து சமைப்பதில்லை என்றேன். "டிவிய ஆஃப் பண்ணா வீடு..." என்று ஆரம்பித்தேன். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம்கூட.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அழுங்க சார், பர்வாகில்ல. ஃபாதர் எல்லாம் சொன்னார்."

"என்ன சொன்னார்?"

"நீங்க வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடக்கறீங்க, வந்தா கொஞ்சம் பேச்சுக் கொடுங்கன்னு..."

"அய்யோ! என்கிட்ட உங்களப் பத்திதான் அப்படிச் சொன்னார்!"

அவர் முகம் மாறியது. சட்டைக் காலரைத் தொட்டுப் பார்த்தார்.

"நிஜம்தான் சார். இந்த மாதிரி சட்டை போட்டே ரொம்ப மாசம் ஆச்சு. நீங்க வர்றீங்கன்னுதான்... நம்மள விட கஷ்டத்துல ஒருத்தர் வர்றாரேன்னு..."

யார் முதலில் சிரித்தது? தெரியவில்லை. சிப்ஸ் புரையேறும் வரை சிரித்தோம்.

யோசித்துப் பார்த்தால்... 'எனக்குத் துணை வேண்டும்' என்று சொல்ல நமக்குத்தான் எவ்வளவு வெட்கம்! அடுத்தவருக்குத் துணை என்றால் மட்டும் உடனே செருப்பை மாட்டிக்கொள்கிறோம். அந்த இளவயது ஃபாதர் எங்கள் இருவரையும் சரியாகத்தான் எடை போட்டிருக்கிறார்.

இப்போது தினமும் மாலையில் சேர்ந்து வாக்கிங் போகிறோம். பிரமாதமாக இருக்கிறது.

ஒரே குறை — மனுஷர் என்னைப் பேசவே விடுவதில்லை!