எல்லை திறந்ததும் வராமல் போனவர்கள்

கார்த்திகை மழை விட்டு, மாமல்லபுரத்துக் கடைக்காரர்கள் தார்ப்பாயை நீக்கிச் சிலைகளை வெளியே எடுத்து வைக்கும் நாட்களில் அந்தக் குரோஷியாக்காரர்கள் வந்துவிடுவார்கள். புருஷன், பெண்சாதி இரண்டே பேர். நம் வீட்டு முன் அறையை நான் வாடகைக்கு விட ஆரம்பித்த வருஷமே வந்தவர்கள். பொங்கல் முடிந்துதான் கிளம்புவார்கள். பிள்ளைகளே, உங்கள் இருவரையும் காலையில் பள்ளிக்கூட ஆட்டோவில் ஏற்றிவிட அந்தப் புருஷன்காரர் முண்டியடித்துக்கொண்டு வருவார். அது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மற்றதெல்லாம் தெரிந்திருக்காது என்பதால் எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். சிலைக் கடையில் சிலைகளை வைக்கோல் சுற்றி மரப்பெட்டியில் அடைப்பது என் வேலை. எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

அவர்கள் பணக்காரர்கள் இல்லை. நம்மைப் போல அறை விட்டுப் பிழைப்பவர்கள். அவர்கள் ஊரும் கடற்கரை ஊர்தான். வெயில் மாதங்களில் வீட்டு அறைகளை விடுவார்கள். குளிர் வந்தால் ஊரே இழுத்து மூடிவிடும், டீ குடிக்கக்கூடக் கடை இருக்காது. அந்தச் சும்மா இருக்கும் மாதங்களுக்குத்தான் நம் வீடு.

அதனால் அந்த அம்மாவுக்கும் உங்கள் அம்மாவுக்கும் ஒட்டிக்கொண்டது. பேச ஒரு பொது பாஷை கிடையாது. ஆனாலும் படுக்கை விரிப்பை ஆளுக்கொரு முனை பிடித்து உதறி மடிக்கும்போது இரண்டு பேரும் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பார்கள். கடல் காற்றில் தலையணை புழுங்கி நாறுவது அங்கேயும் உண்டாம். உங்கள் அம்மா தலையணைகளைக் கைப்பிடிச் சுவரில் வெயிலுக்கு வரிசையாக உட்கார வைப்பதைப் பார்த்து அந்த அம்மா போட்டோ எடுத்துக்கொண்டது.

புருஷன்காரருக்குத் தமிழ் கற்றுக் கொடுத்தவர்கள் கட்டுமரக்காரர்கள். காலையில் பல் விளக்கிக்கொண்டு நிற்கும் என்னைப் பார்த்து, "இன்னா அண்ணாத்த, நாஸ்தா ஆச்சா?" என்பார். தெருவே சிரிக்கும். அவரும் சிரிப்பார்.

ஒரு தடவை அவர்களைப் பாண்டிச்சேரிக்குப் பஸ்ஸில் கூட்டிப் போனேன். கல்பாக்கம் தாண்டியதும், பாண்டி வேறு அரசாங்கம், நடுவில் எல்லை வரும் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அவ்வளவுதான், அவர் இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். மரக்காணம் போனது, எல்லையும் போனது, பாண்டி பஸ் ஸ்டாண்டே வந்துவிட்டது. பாஸ்போர்ட் கையிலேயே இருந்தது.

"எல்லை எங்கே?" என்று கேட்டார்.

"அது அப்பவே போச்சே" என்றேன்.

அவர் நம்பவில்லை. திரும்பி வரும்போது நம் தமிழ்நாட்டுப் போலீஸ்காரர் பஸ்ஸில் ஏறினார். இவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். எழுந்து நின்று பாஸ்போர்ட்டை நீட்டினார். போலீஸ்காரர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அத்த உள்ள வைய்யா. பையில பாட்டிலு கீதா, அத்தச் சொல்லு" என்றார்.

அன்றைக்கு வழியெல்லாம் அவர் அரைகுறை இங்கிலீஷில் தன் ஊர்க் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். வெயில் காலத்தில் பக்கத்து நாட்டுக்காரர்கள் காரில்தான் வருவார்கள். எல்லையில் பாஸ்போர்ட் பார்க்க வண்டிகள் மைல் கணக்கில் நிற்கும். காருக்குள் குழந்தைகள் வாந்தி எடுக்கும். அறைக்கு வந்து சேரும்போது யாரிடம் சண்டை போடலாம் என்றுதான் வருவார்களாம். ஒரு நாள் லீவுக்காக அந்தக் கியூவில் நிற்க யாருக்கு மனசு வரும்? ஐரோப்பாவில் ஷெங்கன் என்று ஒரு கூட்டு இருக்கிறது, அதில் சேர்ந்த நாடுகளுக்குள் யாரும் வண்டியை நிறுத்த மாட்டார்கள், எங்களையும் சேர்த்துக்கொண்டால் இந்தப் பாண்டி ரோடு மாதிரி ஆகிவிடும் என்றார். அது அவருக்குப் பெரிய கனவு.

அந்தக் கனவு பலித்தது. புது வருஷம் பிறந்த அன்று அவர்கள் நம் வீட்டில்தான் இருந்தார்கள். எல்லையில் கேட்டைத் தூக்கிவிட்டார்கள் என்று செய்தி வந்ததும் தெரு முழுக்க லட்டு வாங்கிக் கொடுத்தார்.

நம் எதிர் வீட்டில் ஸ்கூட்டர் வாடகைக்கு விடுபவர் அந்த லட்டை வாயில் போட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார்: "மச்சான், கேட்டத் தூக்கிட்டான்னா இன்னா ஆவும்? ஜனம் கொட்டும். அங்கேர்ந்து நேரா இங்கதான் வருவான். ஒரு ரூமை வச்சிக்கினு இன்னா பண்ணப்போற?"

எனக்கும் அப்படித்தான் பட்டது. பூட்டியிருந்த கதவு திறந்தால் உள்ளே இருப்பவர்கள் வெளியே வருவார்கள், அவ்வளவுதானே? அந்தக் கதவு யாருக்கு, எந்தப் பக்கம் திறக்கிறது என்று நான் யோசிக்கவில்லை. செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் பெரியவளுக்கென்று வாங்கிப் போட்டிருந்த மனையை விற்று மாடியில் ஒரு அறை எழுப்புவது என்று முடிவு பண்ணினேன்.

உங்கள் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "அவங்க வூட்டு கேட்டத் தொறந்தா அவங்க வூட்டுக்குத்தான்யா ஆளு வரும். நம்ம வூட்டுக்கு எதுக்கு வருவாங்க? அந்தப் பொண்ணு மனைய ஏன்யா தொடுற?"

"உனக்கு இன்னா தெரியும்?" என்றேன்.

ஐப்பசியில் மாடி அறை முடிந்தது. குரோஷியாக்காரர்களுக்குப் பிடிக்கும் என்று கடல் பக்கம் பெரிய ஜன்னல் வைத்தேன். கார்த்திகை மழை விட்டது. சிலைகள் வெளியே வந்தன. அவர்கள் வரவில்லை.

மார்கழியில் வீடியோவில் கூப்பிட்டார். அவருக்குப் பின்னால் தெரு முழுக்க விளக்கு. குளிர் காலத்தில் செத்துக் கிடக்கும் என்று சொன்ன ஊர் அதுதானா என்று எனக்குச் சந்தேகம். எல்லையில் நிற்க வேண்டாம் என்பதால் பக்கத்து நாட்டுக்காரர்கள் வெள்ளிக்கிழமை சாயந்தரம் காரை எடுத்தால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறார்கள், அறைகளில் சூடு போட மெஷின் வைத்துவிட்டோம், இனிமேல் மூடுகிற மாதமே இல்லை என்றார். சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தார். கடைசியில், "மன்னிச்சுக்கோங்க அண்ணாத்த" என்றார். அந்த அம்மா கையில் மடித்த விரிப்பைத் தூக்கிக் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டது.

உங்கள் அம்மா அன்று மாடிக்குப் போய்ப் புது விரிப்பைத் தனியாகவே உதறி மடித்து வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

மாடி அறை சும்மா கிடக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். சிறுசேரி கம்ப்யூட்டர் ஆபீஸ் பிள்ளைகள் சனிக்கிழமை வருகிறார்கள். அவர்கள் வரும் ரோட்டிலும் கேட் இல்லையே. நல்ல பிள்ளைகள்தான். ஆனால் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் முட்டுக்காட்டில் படகு ஏறப் போய்விடுகிறார்கள். யாரும் விரிப்பின் இன்னொரு முனையைப் பிடிப்பதில்லை. அந்த வாடகை மனையை ஈடு கட்டுமா என்பது எனக்கு இன்னும் தெரியவில்லை. பெரியவள், "போனாப் போவுதுப்பா" என்கிறாள். எனக்குப் போகவில்லை.

போன ஆவணியில் அவர் மறுபடி வீடியோவில் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் வந்து வீடுகளை வாங்குகிறார்களாம். எல்லை இல்லாததால் சொந்த ஊரிலிருந்து ஒரே ஓட்டத்தில் வந்து போகலாம் என்று நினைக்கிறார்களாம். இரண்டு பக்கத்து வீடும் விற்றாகிவிட்டது. வாங்கியவர்கள் வருஷத்தில் சில வாரம் வருகிறார்கள், மிச்ச நாள் ஜன்னல் சாத்தியே இருக்கிறது. விலை ஏறிப்போய் அவருடைய மகனால் பிறந்த ஊரில் ஒரு வீடு வாங்க முடியவில்லை. கிழக்குக் கடற்கரை ரோட்டில் வாட்ச்மேன் மட்டும் குடியிருக்கும் பங்களாக்களை நான் நினைத்துக்கொண்டேன்.

"என் வீட்டையும் கேட்கிறார்கள். நல்ல விலை" என்றார். பிறகு, "விற்றுவிட்டால் எங்களுக்கு வருஷம் பூரா வேலை இல்லை. உங்கள் மாடி அறைக்கே வந்து மாசக்கணக்கில் இருப்போம். நீ சொல்லு, விற்கட்டுமா?" என்று கேட்டார்.

நான் விற்றுவிடு என்றால் போதும். கடல் பக்கத்து ஜன்னல், மடித்த விரிப்பு, காலையில் நாஸ்தா ஆச்சா என்ற குரல், எல்லாம் திரும்பி வரும். மனையை விற்றதற்கும் ஒரு அர்த்தம் கிடைக்கும். பக்கத்தில் நின்ற உங்கள் அம்மாவைப் பார்த்தேன்.

"அவரு புள்ள எங்க இருப்பான்? கேளுய்யா" என்றாள்.

கேட்டேன். அவர் தலையைத் திருப்பி, ஜன்னல் சாத்திய பக்கத்து வீட்டுப் பக்கம் பார்த்தார்.

"விற்காதீங்க" என்றேன். என் இங்கிலீஷில் அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை.

அவர் பதில் சொல்ல வாய் திறக்கும்போது அங்கே வாசலில் மணி அடித்தது. யாரோ அறைக்கு வந்திருக்கிறார்கள். போனை மேசைமேல் சாய்த்து வைத்துவிட்டு ஓடினார், அணைக்க மறந்துவிட்டார். அவர்கள் சமையலறையை அப்போதுதான் நாங்கள் முதல் தடவை முழுசாகப் பார்த்தோம். அடுப்பின்மேல் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே கடல், நம் கடலைவிட அமைதியாக. கைப்பிடிச் சுவரில் தலையணைகள் வரிசையாக வெயிலில் உட்கார்ந்திருந்தன. உள்ளேயிருந்து அவர் யாரையோ தன் பாஷையில் வாங்க வாங்க என்று கூப்பிடும் குரல் கேட்டது. அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டே அடுப்பைத் தணித்துவிட்டுப் போனது.

நானும் உங்கள் அம்மாவும் போனை வைக்காமல் அந்த ஆளில்லாத சமையலறையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.